கடைசியில் வந்த அந்த ஒரு வரி

2016 ஜூலையில் 'கபாலி' வெளிவந்தபோது நான் பாங்கியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் டிக்கெட் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிள்ளானில் ஒரு மதியக் காட்சிக்கு ஆறு இடம் கிடைத்தது. அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, பாட்டி, நான். பாட்டிக்கு அப்போது 71 வயது. ரஜினியைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. "நம்ம தோட்டத்து ஆளுங்க கதையாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் கிளம்பி வந்தார்.

படத்தின் முடிவு உங்களுக்கு நினைவிருக்கலாம். எதிரிகளை எல்லாம் முடித்துவிட்டு கபாலி தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு இருக்கிறார். அவர் கைதூக்கிவிட நினைத்த பையன்களில் ஒருவன், டைகர், இப்போது போலீசின் ஆளாகி அவரை நெருங்கி வருகிறான். திரை கறுக்கிறது. ஒரு துப்பாக்கிச் சத்தம்.

அவ்வளவுதான் என்று நினைத்து எழுந்தோம். அப்போது திரையில் எழுத்து வந்தது. கபாலி போலீசில் சரணடைந்துவிட்டாராம். அரங்கில் யாரோ விசிலடித்தார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பாட்டி தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். எழுத்து ஓடிவிட்டால் படிக்க முடியாது.

"என்னடா எழுதியிருக்கு?"

"கபாலி போலீஸ்ல சரணடைஞ்சிட்டாருன்னு போட்டிருக்கு பாட்டி."

"யாரு சொன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. யார் சொன்னால் என்ன, படம் சொல்கிறது. "அப்படித்தான் போட்டிருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டில் இறக்கினேன். அந்தக் கேள்வியின் நியாயம் எனக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின.

*

அந்த வரியைப் பா. ரஞ்சித்தின் கபாலி சொல்லவில்லை. தமிழ்நாட்டில் படம் பார்த்தவர்கள் துப்பாக்கிச் சத்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சுட்டது யார், செத்தது யார் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டார்கள். சரணடைந்த கபாலி மலேசியப் பிரதிக்கு மட்டும் உரியவர். குற்றவாளி தப்பித்துவிட்டதாகப் படம் முடியக்கூடாது, சட்டம்தான் ஜெயிக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தணிக்கையின் பழைய எதிர்பார்ப்பு. இங்கே தயாரான படங்களிலும் ரவுடிகள் கடைசி நிமிடத்தில் பிடிபடுவதை, அல்லது திருந்திவிடுவதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் நாம்.

இது மலேசியாவின் கண்டுபிடிப்பும் இல்லை. 1956இல் ஹாலிவுட்டில் 'தி பேட் சீட்' வந்தது. கொலை செய்யும் ஒரு சிறுமியின் கதை. மூல நாவலில் தாய் இறந்துபோவார், சிறுமி உயிரோடு, எல்லாருடைய அன்போடும் வாழ்வாள். அன்றைய அமெரிக்கத் திரைப்பட விதிகள் அதை அனுமதிக்கவில்லை. எனவே படத்தில் தாய் பிழைத்துக்கொள்கிறார், சிறுமியின் தலையில் மின்னல் விழுகிறது. அதைவிட வேடிக்கை 2022 ஜனவரியில் சீனாவில் நடந்தது. 'ஃபைட் கிளப்' படத்தின் இறுதியில் கட்டடங்கள் வெடித்துச் சரியும் காட்சியை டென்சென்ட் தளம் வெட்டியெடுத்துவிட்டு ஒரு எழுத்துப் பலகையைப் போட்டது: போலீஸ் திட்டத்தைக் கண்டுபிடித்து எல்லாரையும் கைது செய்துவிட்டது. உலகம் முழுக்கச் சிரித்த பிறகு, பெரும்பகுதிக் காட்சிகளைத் திரும்பச் சேர்த்தார்கள்.

செய்தியைப் படித்து நானும் சிரித்தேன். பிறகுதான் நமக்கு ஆறு வருடத்துக்கு முன்பே இதைக் காட்டிவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. பாட்டியின் கேள்வியும் கூடவே வந்தது. யாரு சொன்னா?

*

படம் பார்த்துவிட்டு மாமாக் கடையில் உட்கார்ந்து ஓட்டை தேடுவது எங்கள் கூட்டத்தின் பொழுதுபோக்கு. ஆறு பேர், ஆறு தே தாரேக், இரண்டு மணி நேரம். கபாலியையும் விடவில்லை. இருபத்தைந்து வருடம் சிறையில் இருந்தவருக்குக் கோட்டு எப்படி அளவெடுத்தது மாதிரி பொருந்தியது? இவ்வளவு விசுவாசமான ஆள்கள் இருந்தும் மனைவி குமுதவல்லி உயிரோடு இருப்பதை ஒருவர்கூடவா கண்டுபிடிக்கவில்லை? அவராவது புதுச்சேரியிலிருந்து ஒரு கடிதம் போட்டிருக்கக்கூடாதா?

நாங்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் ஓட்டை என்போம். யோசித்துப் பார்த்தால் அதில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று நிஜமான ஓட்டை. கதை தானே ஒரு விதியைச் சொல்லிவிட்டுத் தானே மறந்துவிடுவது. வயிற்றில் குண்டடி பட்டவன் அடுத்த காட்சியில் ஆடுவது. ராத்திரி கிளம்பிய ரயில் அரை மணி நேரத்தில் பகலில் போய்ச் சேர்வது. இது கதை சொன்னவர் நமக்கு வைத்த கடன். கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்த விஷயத்தில் தொலைக்காட்சித் தொடர்களை நான் மதிக்கிறேன். நடிகர் பாதியில் விலகிப்போனால் ஒளித்துமறைக்காமல் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போட்டுவிடுகிறார்கள். ஓட்டை இருக்கிறது, நாங்கள்தான் அடைத்தோம், பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்மையான எழுத்துப் பலகை என்றால் அதுதான்.

இன்னொன்று, ஒரு மனிதர் செய்த காரியத்துக்குக் காரணம் சொல்லப்படாமல் போவது. 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு திரும்பிய விஜி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அடிபட்டு நொண்டிக்கொண்டு ஓடிவரும் சீனுவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ரயில் போய்விடுகிறது. சின்ன வயதில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சண்டை போட்டேன். "அடுத்த ரயில் ஏறிப் போகவேண்டியதுதானே? அவங்க அப்பா அம்மாகிட்ட சொன்னா முடிஞ்சுபோச்சு." அம்மாவிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை.

இது ஓட்டையா? சீனு அடுத்த ரயிலைப் பிடிக்க முடியாது என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. பிடித்தானா என்றும் சொல்லவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. பாலு மகேந்திரா அந்த இடத்தில் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுகிறார், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபம் ஒரு தர்க்கப் பிழையைக் கண்டுபிடித்தவனின் கோபம் இல்லை. எப்படியாவது அவர்கள் சேர்ந்துவிட வேண்டும் என்று தவித்த பிள்ளையின் கோபம். அதைத் தர்க்கத்தின் சட்டையைப் போட்டு வெளியே அனுப்பினேன்.

*

காரணம் சொல்லாமல் விடுவது சோம்பேறித்தனம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஷேக்ஸ்பியரைப் பற்றி ஸ்டீபன் கிரீன்பிளாட் எழுதிய நூலைப் படித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. ஷேக்ஸ்பியர் தன் கதைகளைப் பழைய கதைகளிலிருந்து எடுத்தவர். எடுக்கும்போது, அவற்றில் தெளிவாக இருந்த காரணங்களை உருவி எறிந்திருக்கிறார் என்று காட்டுகிறார் கிரீன்பிளாட். பழைய ஹாம்லெட் கதையில் இளவரசன் சிறுவன். பெரியவனாகும்வரை உயிர் பிழைக்கப் பைத்தியமாக நடிக்கிறான். நாடகத்தில் அவன் வளர்ந்தவன், கொலையோ ரகசியம், நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் நடிக்கிறான். ஒதெல்லோவின் மூலக்கதையில் வில்லனுக்கு டெஸ்டிமோனா மேல் ஆசை. இயாகோவுக்கு அப்படி ஒரு நேரான காரணம் கிடையாது. கடைசியில் ஏன் செய்தாய் என்று கேட்கும்போது இனி வாய் திறக்கமாட்டேன் என்கிறான். நானூறு வருடமாக அவனுக்காக நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கு இது புதிதா என்ன? கோவலன் மாதவியை விட்டுப் பிரிந்தது ஏன்? கடற்கரையில் இருவரும் மாறி மாறிப் பாடிய பாட்டு. அவள் வேறொருவனை நினைத்துப் பாடினாள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. இத்தனை வருட உறவும் குழந்தையும் ஒரு பாட்டோடு முடிகிறது. இளங்கோ ஊழ்வினையைக் கைகாட்டுகிறார். ராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா என்று நம் பட்டிமன்றங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தீர்ப்பு சொல்லிக் கூட்டம் கலைகிறது, அடுத்த வருடம் மறுபடியும் அதே தலைப்பு. தீர்ப்பு சொன்ன நடுவர் யாரும் கம்பனின் ஏட்டில் ஒரு வரியைச் சேர்த்து எழுதிவிட்டுப் போவதில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று கேட்பது ஒன்று. பதிலை நாமே எழுதி, அது அவர்களே சொன்னது போல ஒட்டிவிடுவது இன்னொன்று.

*

என் வேலையில் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரம் நின்றால் அறிக்கை எழுத வேண்டும். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ பரப்பிய 'ஐந்து ஏன்' முறை. ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஏன் போனது? சுமை கூடியது. இப்படி ஐந்து படி இறங்கினால் மூல காரணம் கிடைக்கும். நல்ல முறைதான். ஒரே ஒரு சிக்கல். அறிக்கையில் 'மூல காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது.

வேலையில் சேர்ந்த முதல் வருடம், முன்பு இருந்த நிறுவனத்தில், ஒரு கன்வேயர் மூன்று முறை காரணமில்லாமல் நின்றது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். அந்த மூன்று முறையும் பணியில் இருந்தவர் ஒரே ஆள், நேபாளத்திலிருந்து வந்த ஒருவர். கட்டத்தில் 'பணியாளர் கவனக்குறைவு' என்று எழுதினேன். அவரை வேறு வரிசைக்கு மாற்றினார்கள், ஓவர்டைம் போனது. ஐந்து வாரம் கழித்து, அவர் இல்லாத நேரத்தில், கன்வேயர் மறுபடி நின்றது. உணர்கருவியின் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. அறிக்கையைத் திருத்தினேன். போன ஓவர்டைம் போனதுதான்.

அன்று எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுத இடமில்லை. கையில் ஒரு மனிதர் இருந்தார், அவரை வைத்து ஓட்டையை அடைத்தேன். அவரிடம் போய் ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

*

இப்போது பாட்டி கதைக்கு வருகிறேன்.

தாத்தா இந்தியாவில் பிறந்து, இளைஞராக இங்கே தோட்ட வேலைக்கு வந்தவர். பாட்டி இங்கேயே பிறந்தவர். எனவே பாட்டியிடம் நீல அடையாள அட்டை, தாத்தாவிடம் சிவப்பு. 1969 மே கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி பெர்மிட் வேண்டும் என்ற விதி இறுகியது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலம் அது. 1970இல் தாத்தாவும் ஏறினார். தாயாருக்கு உடம்பு சரியில்லை, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு பினாங்கில் ரஜூலா கப்பலைப் பிடித்தார். பெரியப்பாவுக்கு அப்போது ஏழு வயது, அப்பாவுக்கு மூன்று. இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

பாட்டி அதே லயத்தில் இருந்து பால்மரம் வெட்டி இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமான பிறகு கிள்ளானுக்கு வந்தார்கள்.

தாத்தா ஏன் திரும்பவில்லை? எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு எழுத்துப் பலகை இருக்கிறது. பெரியப்பாவின் கதையில், ஊர் போன கொஞ்ச நாளிலேயே அவர் இறந்துவிட்டார், செய்தி சொல்ல ஆளில்லை. அப்பாவின் கதையில், பெர்மிட் கிடைக்காமல் சட்டம் அவரைத் தடுத்துவிட்டது. அம்மாவின் கதையில் (அம்மா மருமகள், அவருக்கு எந்தப் பாசமும் தடையில்லை), அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது. மூன்றும் நம்பும்படியானவை. மூன்றுக்கும் ஆதாரம் கிடையாது.

பாட்டியிடம் மட்டும் கதை இல்லை. அவர் கடைசிவரை நெற்றியில் குங்குமம் வைத்தார், கழுத்தில் தாலி இருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நம்பிக்கையா, பழக்கமா, தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது ஒரு பாதுகாப்பா என்று எனக்குத் தெரியாது.

கபாலி பார்த்துவிட்டு வந்த அன்று காரில் நான் பின்னிருக்கையில் பாட்டியின் பக்கத்தில். குமுதவல்லியைக் கபாலி தேடிக் கண்டுபிடிக்கும் காட்சியில் பாட்டி அழவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். இருபது வயதுத் துணிச்சலில் கேட்டுவிட்டேன்.

"நீங்க ஏன் பாட்டி தாத்தாவ தேடல?"

முன்னால் பெரியப்பா ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். பாட்டி கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேடியிருந்தா கெடைச்சிருப்பாரு."

அடுத்த நிமிடம், வழியில் பாசாரில் நிறுத்தச் சொல்லி, நெத்திலி வாங்க வேண்டும் என்றார்.

அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாகப் படித்திருக்கிறேன். கிடைத்துவிடுவார் என்று பயந்தாரா? கிடைக்காமல் போனதற்குத் தானே பொறுப்பு என்று வருந்தினாரா? தேடிக் கிடைக்கும் ஆள் எனக்கு வேண்டாம் என்ற வீம்பா? ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டியை நானே செய்துகொள்கிறேன் என்பதுதான் மிச்சம்.

*

இதை ஒரு கட்டுரையாக எழுதப்போகிறேன் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோழியிடம் சொன்னேன். வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்பவர், குடும்ப வழக்குகள் பார்க்கிறவர். துன் சம்பந்தன் சாலையில் இலைச் சாப்பாடு. நான் உற்சாகமாக, கண்ணகியும் கோவலனிடம் ஏன் போனாய் என்று கேட்கவில்லை, திரும்பி வந்தவனிடம் சிலம்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாள், மௌனத்துக்கு ஒரு கண்ணியம் உண்டு என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து" என்றார். "உங்க பாட்டி கேக்கல, கேக்கலன்னு சொல்ற. 1970ல ரெண்டு புள்ளைய வெச்சுக்கிட்டு எஸ்டேட்ல இருந்த பொம்பள எங்க போய் கேப்பா? யாரு டிக்கெட் எடுத்துக் குடுப்பா? எங்கிட்ட வர்ற பெண்களும் முதல்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அது கண்ணியம் இல்ல, களைப்பு. நீ அத எடுத்து இலக்கியம் பண்ணாத."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னது சரி. சொல்லப்படாத காரணத்தை அழகு என்று ரசிப்பது, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் இல்லாதவனுக்குத்தான் சுலபம். சீனு ஏன் போகவில்லை என்பது எனக்கு ஒரு மாலைப்பொழுதின் பேச்சு. அப்பா ஏன் வரவில்லை என்பது பெரியப்பாவுக்கு ஐம்பது வருடம்.

ஆனால் கண்ணகி முழுக்க மௌனமானவளும் இல்லை. புருஷனிடம் கேட்காதவள், அரசனிடம் போய்க் கேட்டாள். என் கணவன் கள்வனா என்று அவையில் நின்று கேட்டாள். ஆராயாமல் 'கள்வன்' என்ற பெயரை ஒட்டிக் கொன்றுவிட்ட அரசனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை, அங்கேயே உயிர் போயிற்று. கோவலனின் கதையில் இல்லாத ஒரு வரியை அரசாங்கம் எழுதிச் சேர்த்தபோதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

எனக்குப் புரிந்தவரை இப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. காயப்பட்டவருக்கு ஏன் என்று கேட்கும் உரிமை உண்டு. பதில் அவருக்கு வரவேண்டிய பாக்கி. பாட்டிக்குத் தாத்தாவிடமிருந்து அந்தப் பாக்கி வரவே இல்லை. வேடிக்கை பார்க்கும் நமக்கும் கேட்டுப் பார்க்கலாம், மாமாக் கடையில் பேசித் தீர்க்கலாம், தப்பில்லை. ஆனால் காலியிடம் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக, அடுத்தவர் வாழ்க்கையில் ஒரு வரியை எழுதி, அது அவருடையது என்று கையெழுத்துப் போட நமக்கு உரிமை கிடையாது. கபாலியோடு தணிக்கை செய்தது அது. நேபாளத்துக்காரரோடு நான் செய்தது அது.

இங்கே கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

*

2021இல் பாட்டி இறந்தார். கோவிட் இல்லை, வயது. ஆனாலும் கோவிட் காலம் என்பதால் சாவு வீட்டில் ஆள் குறைவு, நேரம் குறைவு. உடலைக் குளிப்பாட்டிய பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி மெதுவாகக் கேட்டார்: "குங்குமம் வெக்கலாமா, எப்படி?" சுமங்கலியாகப் போவதற்கு ஒரு முறை, விதவையாகப் போவதற்கு ஒரு முறை. யாரும் பேசவில்லை. பெரியம்மா எழுந்துபோய், பாட்டி தினமும் எடுக்கும் அதே டப்பாவிலிருந்து குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தார். "அவங்க எப்பவும் இருந்த மாதிரி இருக்கட்டும்" என்றார்.

அதே நேரத்தில் நான் வரவேற்பறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். நாளிதழுக்கு மரண அறிவிப்பு அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப்பிலும் அதுவே போகும். நமக்குத்தான் அச்சு தயாராக இருக்கிறதே. பெயர், வயது, பிறகு 'காலஞ்சென்ற இன்னாரின் துணைவியாருமான'. அந்த இடத்தில் என் விரல் நின்றது.

"பெரியப்பா, காலஞ்சென்றன்னு போடவா?"

"பின்ன என்ன போடுவ?"

போட்டேன். இரண்டு நொடி வேலை. மறுநாள் அச்சில் வந்தது.

ஆக ஒரே நாளில் பாட்டி குங்குமத்தோடு சுமங்கலியாகப் போனார், நாளிதழில் விதவையாகப் போனார். எந்தப் படத்திலாவது இப்படி வந்திருந்தால் மாமாக் கடையில் கிழித்திருப்போம். யாரும் கவனிக்கவில்லை. ஓட்டை தேடுவதில் இவ்வளவு அனுபவம் உள்ள எனக்கே அது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து தணிக்கைக்காரர்களைப் பற்றி எளிதாகச் சிரிக்க முடியவில்லை. அவர்களுக்காவது நாட்டு ஒழுங்கு என்று ஒரு சாக்கு இருந்தது. எனக்கு இருந்தது ஒரு வார்ப்புரு.

பெரியப்பாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஏழு வயதில் ரயில் நிலையத்தில் நின்று கையசைத்தவர் அவர். அப்பா இறந்துவிட்டார் என்று அவர் எப்போதோ முடிவு செய்துகொண்டதால்தான் பள்ளிக்கூடம் போக முடிந்திருக்கும், கல்யாணம் செய்ய முடிந்திருக்கும். அந்த வரியை அவர் எழுதியது அதிகாரத்தால் இல்லை, தாங்க முடியாமல். காயப்பட்டவருக்குக் கேட்கும் உரிமை மட்டும்தானா, கேட்டும் பதில் வராதபோது தனக்காக ஒரு பதிலை எழுதிக்கொள்ளும் உரிமையும் உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது அவருடைய கதைக்கு மட்டும் செல்லும். பாட்டியின் அறிவிப்பு பாட்டியுடையது. அவர் ஐம்பது வருடம் சொல்லாத வார்த்தை அது.

இந்த வருட நினைவஞ்சலிக்கும் என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பழைய கோப்பைத் திறந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். தாத்தாவின் பெயர் முன்னால் ஒன்றும் இல்லாமல் தனியாக நின்றது. அச்சில் வந்த அன்று காலை ஏழு மணிக்குப் பெரியப்பா அழைத்தார்.

"ஒரு வார்த்த விட்டுப்போச்சே."

"தெரியும் பெரியப்பா. நான்தான் எடுத்தேன்."

"அப்போ அவரு இருக்காருன்னு ஆயிடாதா?"

"ஆகாது பெரியப்பா. நமக்குத் தெரியாதுன்னு ஆகும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொலைவில் பெரியம்மா குக்கர் விசில் சத்தம் கேட்டது.

"தெரியாதுன்னு யாராச்சும் பேப்பர்ல போடுவாங்களாடா?" என்றார்.

கோபத்தில் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் சாப்பிட வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போனேன். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.